கேப்சூலைப் பிரித்துப் புண்ணில் தூவுபவரா நீங்கள்?

பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருகிறான். உடனே வீட்டில் ஒருவர் அலமாரியைத் திறப்பார். போன மாதம் தாத்தாவின் பல்வலிக்கு வாங்கியதில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் கேப்சூலை எடுத்து, இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைப் புண்மேல் தூவிவிடுவார். "சீக்கிரம் காய்ஞ்சிடும்" என்று ஒரு சமாதானம் வேறு.

பல வீடுகளில் இது கைவைத்தியம் போலவே ஆகிவிட்டது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால், இதனால் வரக்கூடிய தீங்கு பலருக்குத் தெரிவதில்லை.

"சித்த வைத்தியருக்கு இங்கிலீஷ் மருந்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். என்னிடம் வருகிறவர்கள் வீட்டிலும் இந்த மாத்திரைகள் இருக்கத்தானே செய்கின்றன? மருந்து எந்த முறையைச் சேர்ந்ததாக இருந்தாலும், அதைத் தொடுவதற்கும் வைத்திருப்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு.

சேங்கொட்டை சொல்லும் பாடம்

சித்த மருத்துவத்தில் சேங்கொட்டை என்று ஒரு சரக்கு உண்டு. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போட இதன் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். சட்டைக் கழுத்தில் அந்தக் குறி உரசிய இடத்தில் சிலருக்குத் தோல் தடித்து, அரித்து, கொப்பளமே கிளம்பிவிடும். அதனால்தான் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் சேங்கொட்டையைத் தொடாதே என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதும் கிடையாது.

நோயாளிக்கு மருந்தாவது, அதைக் கையாளுகிறவருக்குத் தீங்காகலாம். பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

அந்தப் பொடி என்ன செய்கிறது?

லண்டனில் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் 1928-ல் ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து கண்டறிந்தது பெனிசிலின். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் எல்லாம் அதன் வாரிசுகள். எண்ணிலடங்காத உயிர்களைக் காப்பாற்றிய மருந்துகள் இவை. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் சிலருடைய உடம்பு இவற்றைப் பகையாக நினைத்துக்கொள்கிறது. இதைத்தான் அலர்ஜி, ஒவ்வாமை என்கிறோம். முதல் தடவை பட்டபோது வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உடம்பின் காவல்படை அந்தப் பொருளை அடையாளம் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே பொருள் வரும்போது, திருடனைக் கண்ட மாதிரி பாயும். "போன தடவை ஒண்ணும் பண்ணலையே" என்று சொல்வது இதனால்தான் சரியில்லை.

இந்தப் பகையை வளர்ப்பதில் தோல்வழித் தொடர்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் டாக்டர்களே பெனிசிலினைக் களிம்பாகவும் பொடியாகவும் தோலில் போட்டுப் பார்த்தார்கள். பலருக்கு ஒவ்வாமை உண்டானதால் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். அவர்கள் விட்டதை நாம் வீட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறோம்!

இன்று சிராய்ப்பில் தூவிய பொடியால் பிள்ளைக்கு ஒவ்வாமை வந்துவிட்டது என்று வையுங்கள். நாளைக்கு நிமோனியா போன்ற பெரிய நோய் வரும்போது, உயிர் காக்கும் அந்த மருந்தையே அவனுக்குக் கொடுக்க முடியாமல் போகலாம். சாதாரணச் சிராய்ப்புக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டுமா?

தொழிற்சாலையில் எப்படி?

மருந்துத் தொழிற்சாலைகளில் இந்தப் பொடியின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்த தொழிலாளர்கள் சிலருக்கு ஆஸ்துமா வந்ததை 1970-களிலேயே இங்கிலாந்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகளைத் தினமும் கலந்து போட்ட நர்ஸுகளுக்குக் கையில் கரப்பான் போலத் தோல் நோய் வந்ததும் உண்டு.

அதனால் இன்று முகமூடி, கையுறை, மூடிய ஆடை இல்லாமல் இந்தப் பொடி பறக்கும் இடத்தில் வேலை செய்யக்கூடாது என்பது விதி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெனிசிலின் வகை மருந்துகளைத் தயாரிக்கத் தனிக் கட்டடமும் தனிக் காற்றோட்ட வசதியும் வேண்டும் என்று நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகள் சொல்கின்றன. துளிப் பொடி வேறு மாத்திரையில் கலந்தாலும், ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து ஆகலாம் என்பதே காரணம்.

இதைக் கேட்டுவிட்டு டாக்டர் எழுதிய மருந்தைச் சாப்பிடப் பயப்படாதீர்கள். கேப்சூலின் மேலுறை அந்தப் பொடியை அடக்கி வைத்திருக்கிறது. அதைப் பிரிக்காமல் விழுங்கினால் தூசிப் பிரச்னையே இல்லை.

வீட்டில் கையாளும் முறை

குழந்தைகளுக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கும் பொடி சிரப்பில்தான் அம்மாக்களுக்கு அதிகச் சந்தேகம். இப்படிச் செய்யுங்கள்:

1. மூடியைத் திறக்கும் முன்பே பாட்டிலைத் தட்டி, கட்டிய பொடியை உதிர்த்துவிடுங்கள்.

2. கொதித்து ஆறிய தண்ணீரையே ஊற்றுங்கள். வெந்நீர் கூடாது. முதலில் பாதி ஊற்றி, மூடிக் குலுக்கி, பிறகு குறியிட்ட கோடு வரை ஊற்றுங்கள்.

3. கலந்த தேதியை பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். லேபிளில் போட்டிருக்கும் நாட்களுக்கு மேல் வைக்காதீர்கள். பெரும்பாலானவற்றுக்கு இது 7 நாள்தான். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம்.

4. ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு, கூட வரும் அளவு மூடியில் கொடுங்கள். சமையலறை ஸ்பூன் அளவு சரியாக இருக்காது.

5. பொடி சிந்திவிட்டால் ஊதாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

6. வீட்டில் ஆஸ்துமாவோ பெனிசிலின் ஒவ்வாமையோ உள்ளவர் இந்தப் பொடியைக் கலக்க வேண்டாம். வேறொருவர் செய்யட்டும்.

கேப்சூலை விழுங்க முடியாத பெரியவர்கள் இருந்தால் நீங்களாகப் பிரித்துக் கலக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிரப்பாகவோ தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ எழுதித் தருவார்.

உடனே கவனிக்க வேண்டியவை

மருந்து சாப்பிட்ட பிறகு உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, கண் இமை வீக்கம், மூச்சு இழுப்பு, தொண்டை அடைப்பது போன்ற உணர்வு, தலைசுற்றி மயக்கம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசி போடக்கூடிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது மிக அரிதுதான். ஆனால் வந்தால் கஷாயம், சூரணம் என்று எதையும் கொடுத்துப் பொழுது போக்கக்கூடாது. சித்த மருத்துவனாகிய நானே இதைச் சொல்கிறேன்.

வெறும் சிவப்புப் புள்ளிகள் மட்டும் வந்தால், அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். எல்லாத் தடிப்பும் பெனிசிலின் ஒவ்வாமை ஆகிவிடாது. அதை அவர் முடிவு செய்யட்டும். ஒவ்வாமைதான் என்று உறுதியானால், மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது?

முதலில், மிச்சம் வைக்காதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். குறைந்த அளவில் இஷ்டப்படி சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் என்று ஃப்ளெமிங்கே 1945-ல் நோபல் பரிசு உரையில் எச்சரித்தார். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று அர்த்தம்.

அப்படியும் மிஞ்சினால் சாக்கடையிலோ கழிவறையிலோ கொட்டாதீர்கள். கேப்சூலைப் பிரிக்காமல், பயன்படுத்திய டீத்தூளோடு ஒரு பையில் கட்டி, குழந்தைகள், ஆடு மாடுகள் எடுக்காதபடி குப்பை வண்டியில் சேருங்கள். மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்றால் அது இன்னும் நல்லது.

சரி, சிராய்ப்புக்கு என்னதான் செய்வது? குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு மண், தூசி போகும்வரை கழுவுங்கள். சுற்றிலும் சோப்புப் போட்டுச் சுத்தம் செய்து, சுத்தமான துணியால் மூடுங்கள். அடுக்களை டப்பாவிலுள்ள மஞ்சள் தூளும் வேண்டாம், அது திறந்த புண்ணுக்கான சுத்தத்தில் இருக்காது. காயம் ஆழமாக இருந்தாலோ, துருப்பிடித்த பொருள் கிழித்திருந்தாலோ, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்த்து டாக்டரிடம் போங்கள். சின்னச் சிராய்ப்பென்றால் சுத்தமாக வைத்திருந்தாலே போதும், சில நாளில் தானே ஆறிவிடும்.