பொற்கொல்லனும் பாண்டியனும்

கதைமாந்தரை ஒருநிலை மாந்தர், முழுநிலை மாந்தர் எனப் பகுத்துக் காட்டியவர் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர். 1927-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதனை விளக்கினார். ஒரே வாக்கியத்துள் அடங்கிவிடுபவர் ஒருநிலை மாந்தர். நம்மை வியப்பில் ஆழ்த்தி, அதனை நம்பவும் வைப்பவர் முழுநிலை மாந்தர். நாவலுக்கென எழுந்த இவ்வளவுகோலை நம் மதுரையில் நிகழும் வழக்கிற்கும் பொருத்திப் பார்க்கலாம்.

சிலப்பதிகாரத்தில், ஊடிச் சென்ற தேவியைத் தேற்ற விரையும் பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை ஆராயாமலே கொலைக்கு ஆணையிடுகிறான். கண்ணகியிடமும் கள்வனைக் கொன்றது முறையே என்றுதான் முதலில் வாதிடுகிறான். ஆயினும் தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்பதைச் சொல்பவன் அவனே. கோவலனிடம் பெற்ற சிலம்பைத் தருவித்து முன்வைப்பவனும் அவனே. அதனுள்ளிருந்து மாணிக்கம் தெறித்ததும் தன்னையே கள்வன் என்று கூறி உயிர்விடுகிறான். தனக்கு எதிரான சான்றைத் தானே எடுத்துத் தந்தவன் ஆதலின், அம்முடிவை நாம் ஐயுறுவதில்லை.

முழுமைக்குப் பக்கங்களின் எண்ணிக்கை அளவன்று. கண்ணகிக்கு இடமளித்த ஆயர் முதுமகள் மாதரி சில இடங்களிலேயே தோன்றுகிறாள். அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனமைக்காக அவள் தீப்புகுந்த செய்தியை மாடலன் வாயிலாக அறியும்போது திகைக்கிறோம், நம்பவும் செய்கிறோம்.

பொற்கொல்லனோ சிலம்பைத் திருடிப் பழியைப் பிறன்மேல் சுமத்தியவன், அவ்வளவே. கோவலனின் தோற்றம் கண்டு காவலர் தயங்குகின்றனர், அத்தயக்கமும் இவனுக்கில்லை. பெயருமில்லை. இதனைக் குறையென்று கூறோம். கதை நகர இத்தகையோரும் வேண்டும். ஆனால் பின்னர் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டதாக உரைபெறு கட்டுரை கூறுமிடத்து நெஞ்சு நடுங்குகிறது. ஒருவனுக்குத் தனிமுகம் இல்லையெனில் அவன் தொழிலே முகமாகிவிடுகிறது. பழியும் அத்தொழிலார் அனைவர்மேலும் விழுகிறது.

நம் மாணவர் எழுதிக் கொணரும் சிறுகதைகளிலும் இதனைக் காண்கிறோம். ஒரு ‘பாய்’ வந்தால் தொப்பியும் அத்தரும் உடன் வருகின்றன, மனம் வருவதில்லை. (எழுதியவர் இசுலாமிய மாணவராயினும் அப்படியே!) தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ (1988) என்னும் நாவலில் வரும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியை அவர்கள் படிக்க வேண்டும். செருக்கையும் சரிவையும் ஒரே மனிதரிடம் காட்டுகிறார் ஆசிரியர்.

கதையைக் கொணரும் மாணவரிடம், அதன் மாந்தரை ஒரே வாக்கியத்தில் சொல்லுமாறு கேட்கிறோம். தடையின்றிச் சொல்லிவிட்டால், தாளைத் திருப்பித் தந்துவிடுகிறோம்.