நூறில் ஒரு நொடி

பொன்முடி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் வித்துரா. ஏப்ரல் மாதம். பள்ளிக்கு விடுமுறை. காலை ஆறரை மணி. பள்ளி மைதானத்தில் சில பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஓர் அம்மா ஓரமாக நின்று பார்த்தார். அவருடைய மகளும் அங்கே ஓடினாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. விளையாட்டு டீச்சரிடம் போனார்.

"டீச்சர், கொஞ்ச தூரம் ஓடுகிறாள். பிறகு நடக்கிறாள். மறுபடியும் ஓடுகிறாள். இதனால் என்ன பயன்? ஒரு நொடி கூடினால் என்ன, குறைந்தால் என்ன?"

டீச்சர் சிரித்தார். "உட்காருங்கள் அக்கா. ஒரு நொடியை நூறு பங்காக்குங்கள். அதில் ஒரே ஒரு பங்கின் கதையைச் சொல்கிறேன்."

உஷாவின் ஓட்டம்

பி. டி. உஷா 1964இல் பிறந்தவர். கோழிக்கோடு மாவட்டம் பய்யோளியைச் சேர்ந்தவர். ஓ. எம். நம்பியார் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். பய்யோளிக் கடற்கரை மணலிலும் உஷா ஓடிப் பழகினார்.

1984இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் போட்டி. வழியில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றையும் தாண்டி ஓட வேண்டும்.

உஷா 55.42 நொடியில் ஓடி முடித்தார். ருமேனியா நாட்டுப் பெண் 55.41 நொடியில் முடித்தார். அவருக்கு வெண்கலப் பதக்கம். உஷாவுக்கு நான்காம் இடம். வித்தியாசம், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. உஷா ஓடிய வேகத்தில் அது சுமார் 7 சென்டிமீட்டர். நம் நான்கு விரல் அகலம்தான்!

உஷா சோர்ந்து உட்காரவில்லை. 1986இல் சியோல் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார்.

அம்மா தன் நான்கு விரல்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

வேகம் எப்படி வரும்?

"சரி டீச்சர். நடுவில் இத்தனை ஓய்வு எதற்கு?"

"களைத்த கால் மெதுவாகத்தான் ஓடும் அக்கா. களைப்போடு ஓடிக்கொண்டே இருந்தால் உடம்பு மெதுவாக ஓடத்தான் பழகும். அதனால் வேகத்துக்குக் குறைந்த தூரம், நிறைய ஓய்வு."

டீச்சர் பயிற்சிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

1. முதலில் பத்து நிமிடம் மெதுவோட்டம். கை, கால், இடுப்பை அசைத்து உடம்பைச் சூடாக்க வேண்டும்.

2. 30 மீட்டர் முழு வேக ஓட்டம். ஐந்து முறை போதும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நடை.

3. ஆறு சிரட்டைகளை இரண்டிரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றின் நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டும். திரும்பும்போது முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்த வேண்டும். கால் பிசகாது.

4. பத்து மீட்டர் தூரத்தில் இரண்டு கட்டைகள். ஓடிப்போய் ஒன்றை எடுத்து வந்து வைக்க வேண்டும். பிறகு மற்றொன்று. இது திசை மாறும் வேகத்தைக் கூட்டும்.

வாரத்தில் மூன்று நாள் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். கல், கண்ணாடி கிடக்கும் இடத்தில் ஓடக் கூடாது.

மகள் கட்டைகளை எடுத்து ஓடினாள். டீச்சர் கைப்பேசியில் நேரம் பார்த்தார். 13.4 நொடி. அம்மா அதை நோட்டில் எழுதினார். தேதியும் எழுதினார்.

வெயிலில் கவனம்

இரண்டு வாரம் கழிந்தது. ஒருநாள் பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் நண்பகலில் ஓடப் போனார்கள். சற்று நேரத்தில் மகளுக்குத் தலை சுற்றியது. வாந்தி வந்தது. ஒரு பையன் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னான்.

அம்மா பதறினார். ஆனால் டீச்சர் சொன்னது நோட்டில் இருந்தது. அதன்படி செய்தார். மகளை நிழலில் படுக்க வைத்தார். ஆடையைத் தளர்த்தினார். ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்து விசிறினார். அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். மகள் தேறினாள்.

உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ, பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ தாமதிக்கக் கூடாது. உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். வண்டி வரும்வரை உடம்பைக் குளிர்விக்க வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கோடையில் காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடிப்பது நல்லது. ஓடுமுன் தண்ணீர் குடிக்க வேண்டும். நடுவிலும் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லது. மாலையில் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். மரத்தடியில் நிற்கக் கூடாது.

நோட்டில் எழுதிய எண்

மே மாதக் கடைசி. மகள் மீண்டும் கட்டைகளை எடுத்து ஓடினாள். 12.6 நொடி. அம்மாவே நேரம் பார்த்தார். அம்மாவே எழுதினார்.

"நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே அருவிக்கரை அருகே மைலத்தில் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. அரசுப் பள்ளி. அங்கேயே தங்கிப் படிக்கலாம். தேர்வு வைத்துச் சேர்ப்பார்கள்" என்றார் டீச்சர்.

அம்மா மகளைப் பார்த்தார். "உனக்குப் போக ஆசையா?" மகள் தலையாட்டினாள்.

"விண்ணப்பம் வந்தால் சொல்லுங்கள் டீச்சர். நானே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் அம்மா.

கணக்குப் போடுங்கள்

மகளின் முதல் நேரம் 13.4 நொடி. கடைசி நேரம் 12.6 நொடி. எவ்வளவு குறைந்தது?

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா?
2. வெயிலில் ஒருவருக்குத் தலை சுற்றினால் முதலில் என்ன செய்வீர்கள்?
3. வேக ஓட்டத்தின் நடுவே ஓய்வு ஏன் வேண்டும்?