கோடையில் கானுயிர்களுக்கு நீர்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது பொன்முடி. கடல்மட்டத்திலிருந்து இதன் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். அடிவாரத்தில் கல்லாறு ஓடுகிறது. யானை, காட்டுமாடு, மிளா, வரையாடு முதலியன இம்மலைப்பகுதியில் வாழ்கின்றன.

மழைநீரைப் புல்வெளிகளும் சோலைக்காடுகளும் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்கின்றன. அந்நீரே சிறிது சிறிதாகக் கசிந்து ஓடைகளாகிறது. எனினும், மாசி, பங்குனித் திங்கள்களில் சிற்றோடைகள் பல வறண்டுவிடுகின்றன. வளர்ந்த யானைக்கு நாள்தோறும் 100 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் வேண்டும். காட்டில் நீர் கிடைக்காதபோது விலங்குகள் ஊர்ப்புறம் இறங்குகின்றன. பயிர் அழிகிறது, சில வேளைகளில் மனிதரும் விலங்கும் உயிரிழக்க நேரிடுகிறது.

இதனைத் தவிர்க்க வனத்துறையினர் முயல்கின்றனர். தமிழ்நாட்டின் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் தொட்டிகள் கட்டி, லாரிகளில் நீர் கொணர்ந்து நிரப்புகின்றனர். சூரிய ஆற்றலால் இயங்கும் ஆழ்துளைக் கிணறுகளும் அங்கு உண்டு. கேரளத்தின் வயநாட்டுக் காடுகளில் குளங்களைத் தூர்வாரித் தடுப்பணைகள் அமைக்கின்றனர்.

தொட்டி கட்டுவதிலும் கவனம் தேவை. சுவர் உயரமாக இருந்தால் குட்டிகளுக்கு நீர் எட்டாது. உள்ளே தவறி விழுந்த சிற்றுயிர்கள் வெளியேற இயலாது. ஆதலால் ஒரு பக்கமேனும் சரிவாக இருத்தல் வேண்டும். சாலையோரத்தில் அமைத்தால் நீர் அருந்த வரும் விலங்கு வண்டியில் அடிபடக்கூடும். தேங்கிய நீரை மாற்றாவிட்டால் நோய் பரவும்.

தொட்டிநீர் முதலுதவி போன்றது. நிலையான தீர்வு, ஓடை வறளாமல் காப்பதே. புல்வெளியில் தீப்பற்றினால் மண்ணின் நீர்பிடிக்கும் தன்மை குன்றும். எனவே, பொன்முடிக்குச் சுற்றுலா செல்வோர் தீ மூட்டலாகாது. நெகிழிப் பொருள்களை வீசலாகாது.

மாணவர்களே! பொன்முடிக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்பது அகத்தியமலை. அம்மலைப்பகுதியிலிருந்து நெய்யாறும் கரமனையாறும் மேற்கே கேரளத்தில் பாய்கின்றன. தாமிரபரணி கிழக்கே திருநெல்வேலிக்குச் செல்கிறது. நீங்கள் இங்கு அருந்தும் நீரும் உங்கள் தாத்தா, பாட்டியின் ஊர் வயலில் பாயும் நீரும் ஒரே மலைத்தொடரின் கொடையாக இருக்கலாம். அக்கொடையில் கானுயிர்களுக்கும் பங்குண்டு.

சொல்லறிவோம்
கானுயிர் – காட்டில் வாழும் உயிரினம்
மிளா – கடமான் (மலையாளத்தில் ‘ம்லாவு’)
சோலைக்காடு – மலைப்பள்ளத்தாக்குகளில் உள்ள பசுமைமாறாக் காடு
தூர்வாருதல் – படிந்த சேற்றை அகற்றுதல்

சிந்தித்து விடை எழுதுக
1. கோடையில் விலங்குகள் ஊருக்குள் வருவது ஏன்?
2. நீர்த்தொட்டியின் ஒரு பக்கம் சரிவாக இருக்க வேண்டியதன் காரணம் யாது?
3. ‘தொட்டிநீர் முதலுதவி போன்றது’ – விளக்குக.
4. உங்கள் சொந்த ஊருக்கு நீர் தரும் ஆறு எது? அது தோன்றும் இடத்தைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.