இறுதிச்சொல்

உயிர் பிரியுங்காலத்து ஒருவர் வாயினின்றும் பிறந்த சொல் யாது என்று வினவுதல் நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். சிவநாமஞ் சொல்லி இறந்தாரெனின் வீட்டார் ஆறுதலடைகின்றனர். நீர் கேட்டோ, பிள்ளையைக் கடிந்தோ, ஒன்றும் பேசாதோ இறந்தாரெனின், அவர் கதி யாதாயிற்றோ என்று அந்தியேட்டி முடிந்த பின்னருங் கலங்குகின்றனர். இக்கலக்கத்தை யாம் பல வீடுகளிலே கண்டிருக்கின்றோமாதலின், இதனைச் சிறிது ஆராய்வாம்.

திருக்கோவலூரிலிருந்து சேதிநாட்டை அரசாண்ட மெய்ப்பொருணாயனார் சரித்திரம் இதற்குத் தக்க விளக்கமாகும். போரிலே பலமுறை அவருக்குத் தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி, புத்தகக் கட்டினுள்ளே ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அந்தப்புரம் புகுந்தான். எங்குங் கிடையாத ஆகமமொன்று கொணர்ந்தேன், தனித்திருந்து கேட்டல் வேண்டும் என்றான். நாயனார் தேவியாரை அகலச் செய்து, அவனை ஆசனத்திருத்தித் தாம் நிலத்திலிருந்து வணங்கினார், அப்பொழுதே குத்துண்டார். காவலனாகிய தத்தன் வாளோடு பாய்ந்தான். வீழ்கின்ற நாயனார் கூறியது சிவநாமமன்று. இவர் நம்மவர் என்னுங் கருத்தமைந்த சிறியதொரு சொல்லே.

கொன்றவனை நம்மவன் என்பது பொய்யன்றோ, கொலைஞனைத் தப்பவிடுதல் அரசநீதிக்கு அடுக்குமோ என்று இளைஞர் சிலர் எம்மை வினவியதுண்டு. வினா நேரியதே. நாயனார் அவனுடைய நெஞ்சை அறியாது சொல்லினாரல்லர். படை உடம்பிற் புகுந்தபின் அறியாமை ஏது? திருவேடத்தையே மெய்ப்பொருளெனத் தொழுதல் அவர் வாணாள் முழுதுங் கொண்ட விரதம். அதற்கு விலை கேட்கப்பட்டபொழுது தம்முயிரைக் கொடுத்தார். குடிகளில் ஒருவன் குத்துண்டிருப்பின் அரசர் செய்யுங் கடமை வேறாயிருந்திருக்கும் என்பது எமது துணிபு. பொறுத்தற்கு அவருக்கு உரிமையிருந்தது தம் உயிர்மேலதாகிய பிழையையே.

அச்சொல் ஆலோசித்துச் சொல்லியதன்று, ஆலோசித்தற்குப் பொழுதில்லை. நெடுநாட் பழகியது நாவிலே தானே வந்தது. இறுதிக்காலத்து நினைக்க இயலாதுபோமென அஞ்சி, திருவரங்கத்துப் பெருமாளிடம் முன்னரே விண்ணப்பித்துக்கொண்ட பெரியாழ்வாரும் இந்நிலையை உணர்ந்தவரே. வைணவர் கூற்றாயினும் கொள்ளத்தக்கது.

இக்காலத்திலோ மரணம் பலர்க்கு வைத்தியசாலையிலே, சுவாசக்குழாய் தொண்டையிலிருக்க நிகழ்கின்றது. நாவசையாதவர் கதியிழந்தாரென்று கொள்ளுதல் சித்தாந்தத்துக்கு ஒவ்வாது. பிராரத்தம் உடம்போடு கழிய, ஆன்மாத் தான் ஈட்டிய வினைக்கும் எய்திய பக்குவத்துக்கும் ஏற்பச் செல்வதன்றி, மூச்சடங்குங் கணத்து நாவுக்குள்ள வன்மைக்கேற்பச் செல்வதன்று. 31 ஆம் நாளில் வெளியிடுங் கல்வெட்டுக்களிலே, சொல்லாத சொற்களை இறந்தார் வாயில் வைத்து அச்சிடுதலும் வேண்டாம். நீர் கேட்டாரெனின் நீர் கேட்டாரென்றே எழுதுக. அதனால் அவர்க்கு ஓர் இழுக்குமில்லை.

சொல்லுதலினுங் கேட்டலே இவ்விடத்து ஆராயத்தக்கது. 2020 இலே கனடாவிலுள்ள பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், உணர்விழந்து இறக்குந் தறுவாயிலிருந்தோர் சிலருடைய மூளை, செவிப்பட்ட ஒலிகளுக்குத் துலங்கியமை கருவியாற் காணப்பட்டது. அவர் பொருளுணர்ந்தனரோ என்பது அதனாற் றுணியப்படவில்லை. எனினும், கேளாரென்று எண்ணி அவர்முன் எதனையும் பேசலாமென்பார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

நாயனாரும் கேட்டற்காகவே உயிர் தாங்கினார். முத்தநாதனைச் சினந்த குடிகளிடமிருந்து காத்து, ஊரெல்லை கடத்திவிட்டுத் தத்தன் மீண்டுவந்து அச்செய்தியைச் சொல்லுமளவும் அவர் மூச்சு நின்றது. கேட்டு மகிழ்ந்த பின்னரே, திருநீற்றிலுள்ள அன்பைப் பாதுகாக்கும்படி உரியோர்க்குக் கூறி, இறைவன் திருவடியைச் சிந்தித்தார்.

ஆதலின், படுக்கையருகே நின்று காணி வழக்குப் பேசுவாரை முதலில் வெளியே அனுப்புக. சிவபுராணத்தை வாயிலில் நின்று உரத்த குரலிற் பாடாது, தலைமாட்டிலிருந்து, அவர் செவிக்கு எட்டுமளவாக, மெல்ல ஓதுக.