பொருந்தாத அலையைக் கழித்துவிடாதீர்கள்

அன்புள்ள இளம் நிலநடுக்க ஆய்வாளருக்கு,

மேலோடு, கவசம், வெளிக்கருவம், உட்கருவம் என்று பூமியை அறுத்துவைத்த பழம்போலக் காட்டும் படத்தைப் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். அந்த ஆழத்துக் கோடுகளை நேரில் போய்ப் பார்த்தவர் எவரும் இல்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய துளை 12,262 மீட்டரோடு நின்றது. மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நிலநடுக்க அலைகள் எங்கே, எப்போது வந்துசேர்ந்தன என்பதிலிருந்து கணக்கிட்டுப் போட்ட கோடுகள் அவை. கணக்குக்கு ஒத்துவராத அலைகளே அவற்றைப் போடவைத்தன. ஆகவே, பொருந்தாத பதிவை அவசரப்பட்டுக் கழிக்காதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது.

1909-ல் சாக்ரெப் அருகே நிலம் நடுங்கியபோது, ஒரே அதிர்ச்சியின் முதன்மை அலை சில நிலையங்களுக்கு இரண்டு முறை வந்திருந்தது. ஒன்று மேலோட்டின் வழியே வந்தது, மற்றது கீழே வேகம் கூடிய பாறையில் இறங்கி ஓடி வந்தது என்று கண்டார் நிலநடுக்க ஆய்வாளர் மொஹொரோவிசிச். கவசத்தின் மேல் எல்லை அப்படித்தான் தெரியவந்தது. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் கருவம் தொடங்குகிறது என்று குட்டன்பர்க் கணக்கிட்டார். அது திரவம் என்று 1926-ல் ஜெஃப்ரிஸ் வாதிட்டார். திரவத்துக்குள் நுழையும் அலை வேகம் குறைந்து வளைவதால், நடுக்கம் நிகழ்ந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 104 முதல் 140 பாகை வரை நேரடி முதன்மை அலை எட்டாத நிழல் பகுதி ஒன்று விழுகிறது. ஆனால் 1929-ல் நியூசிலாந்தின் மர்ச்சிசன் நடுக்கத்தின்போது, அந்த நிழலுக்குள் இருந்த நிலையங்களின் தாளிலும் ஊசி லேசாகத் துள்ளியிருந்தது. கருவத்தின் விளிம்பில் வளைந்து கசிந்த அலை என்று அதற்குச் சமாதானம் சொல்லிவந்தார்கள். டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் அதை ஏற்கவில்லை. கவசத்தில் நொடிக்கு 10 கிலோமீட்டர், கருவத்தில் 8 என்று வேகத்தை எளிமையாக்கிக்கொண்டு அலைகளின் பாதையை வரைந்தார். கருவத்துக்குள் வேகம் கூடிய சிறு உருண்டை ஒன்றை வைத்ததும், சில அலைகள் திசைமாறி நிழலுக்குள் வந்து விழுந்தன. 1936-ல் உட்கருவம் பிறந்தது இப்படித்தான்.

"பொருந்தாதவற்றில் பெரும்பாலானவை வெறும் இரைச்சல்தானே? கடிகாரப் பிழை, கருவிக்கருகே ஓடிய லாரி, இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி, நம் தொழிலுக்கு ஆகாது. ஒரு நிலையத்தின் துள்ளல் சாட்சியாகிவிடாது. பக்கத்து நிலையங்களிலும் அது தென்படுகிறதா, தூரம் கூடக்கூட வரும் நேரமும் ஒழுங்காக மாறுகிறதா என்று பாருங்கள். லாரியின் அதிர்வு அந்த ஒழுங்கைக் காட்டாது. பூமிக்குள்ளிருக்கும் எல்லை காட்டும். இதைப் பார்க்காமலே கழிக்கும் மென்பொருளும், பார்க்காமலே நம்பும் ஆர்வமும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன.

"லேமனின் எண்களே தோராயம்தானே?" என்று இன்னொரு மறுப்பும் வரலாம். உண்மைதான். உட்கருவத்தின் ஆரத்தை அவர் சற்றுக் கூடுதலாகவே மதிப்பிட்டார். இன்றைய கணக்கில் அது சுமார் 1,220 கிலோமீட்டர். ஆனால் உள்ளே ஓர் எல்லை உண்டு என்ற அளவோடு அவர் வாதம் நின்றது; அதைத் தாங்க அந்தத் தோராயமே போதுமானதாக இருந்தது. உருண்டை திடமானதா என்ற கேள்விக்கு, பெருநடுக்கங்களுக்குப் பின் பூமி முழுவதும் மணிபோல அதிர்வதை அளந்து 1971-ல் ஜிவோன்ஸ்கியும் கில்பர்ட்டும் வலுவான சான்று தரும்வரை, 35 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே நீங்கள் கழிக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில், ஏன் கழித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். எழுதக் காரணம் கிடைக்காத பதிவைத் தனியே எடுத்துவைத்து, அண்டை நிலையங்களின் தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்தவர் ஒருவர்