1.008-ஐப் பார்த்து மிரளாதே

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ காய்ச்சிய ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் ஹைட்ரோமீட்டரில் 1.008-ல் வந்து நின்றுவிட்டது, குடித்தால் தண்ணீராகத்தான் இருக்கும், கனம் கூட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் வாங்கிக் கொட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கொட்டாதே. (மான்செஸ்டருக்குப் படிக்கப் போனவன் பீர் காய்ச்சுகிற சேதியை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அங்கே வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை என்பதையும் நீயே சொல்லிக்கொள்.)

ஹைட்ரோமீட்டர் காட்டுவது அடர்த்தியை. வாயில் தெரிகிற கனம் வேறு சங்கதி. சர்க்கரைத் தண்ணீரும் அரிசிக் கஞ்சியும் ஒரே அடர்த்தியில் இருக்கலாம். நாக்கில் நிற்பது கஞ்சிதான்.

போதாக்குறைக்கு அந்த எண்ணே உன்னைக் கொஞ்சம் ஏய்க்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. அது கலந்த பீரில் மீட்டர் கூடுதலாக அமிழும். நீ தொடங்கியது 1.042. முடிவில் 1.008 என்றதும் கரைபொருள் 2 சதவீதம்தான் மிச்சம் என்று தோன்றும். ஆல்கஹாலைக் கணக்கில் எடுத்தால் 3.6 வரும். லிட்டருக்கு 36 கிராம்! பெரும்பாலும் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின், கூடவே கொஞ்சம் புரதம்.

மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, 64 டிகிரியில் ஊறவைத்தால் நொதிக்கிற சர்க்கரை கூடும், நொதித்து முடிந்தபின் மீட்டர் காட்டும் ஃபைனல் கிராவிட்டி இறங்கும். 69-ல் சர்க்கரை ஆக்கும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி சீக்கிரமே செத்துவிடும், டெக்ஸ்ட்ரின் மிஞ்சும். ஆகவே சூட்டை ஏற்று, கனம் கூடும் என்பார்கள். எண் கூடுவது நிஜம். கனம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. 1.020-ல் நின்றும் சப்பென்று கிடந்த பீரைக் குடித்திருக்கிறேன்.

கின்னஸ் ட்ராஃப்டை எடுத்துக்கொள். கெட்டியான பீர் என்று ஊரே நம்புகிறது. ஆல்கஹால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கலோரியும் சாதாரண லாகரைவிட அதிகமில்லை. அந்த வழுவழுப்பில் பாதி, மால்ட் ஆக்காத பார்லியின் பீட்டா குளுக்கானும் புரதமும் தருவது. மீதி, 1959-ல் அவர்கள் கொண்டுவந்த நைட்ரஜன். அதன் குமிழி பொடிசு. கார்பன் டை ஆக்சைடுபோல நாக்கைச் சுரண்டாது.

உன்னிடம் நைட்ரஜன் கிடையாது. பாட்டிலில் போடும் சர்க்கரையைக் கொஞ்சம் குறை, வாயு அடங்கியிருக்கும். அடுத்த தடவை தானியத்தில் பத்தில் ஒரு பங்கு பார்லி அவல் சேர். அதுவே போதும் என்பது என் கணிப்பு.

ஃபைனல் கிராவிட்டியின் உண்மையான உபயோகம், நொதித்து முடிந்ததா என்று சொல்வது. ஜாடியில் எடுத்த பீரை 20 டிகிரிக்கு வரவிடு. மீட்டரை விரலால் ஒரு சுற்று சுற்று. அதில் ஒட்டிய குமிழிகள் மேலே தூக்கிக் கணக்கைக் கூட்டிக் காட்டும். விளிம்பில் ஏறிநிற்கிற கோட்டை விட்டுவிட்டு, நடுமட்டத்தைப் படி. மூன்று நாள் கழித்து மறுபடி பார். அதே 1.008 என்றால் பாட்டிலில் அடை. இறங்கியிருந்தால் பொறு, அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

அன்புடன்,
மாமா