வீடியோ கேம் செய்யப் போகிறவனுக்குத் தமிழும் வரலாறும் எதற்கு?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சென்ற மாதம் ஒரு சோதனை வந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "தாத்தா, அடுத்த வாரத்திலிருந்து நான் வரமாட்டேன். வீடியோ கேம் உருவாக்கும் வேலைக்குப் போகப் போகிறேன். அதற்கான கோடிங் வகுப்பும் ஞாயிற்றுக்கிழமைதான். தமிழும் ஹிஸ்டரியும் எனக்கு எதற்கும் உதவாது" என்றான். பக்கத்தில் நின்ற அவன் தந்தை, "நீங்களும் இன்ஜினியர்தானே சார், நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் படித்தும், என் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில ஆட்டங்களை ஆடித் தோற்றும் தெரிந்துகொண்டதை இங்கே ஒரு பாடமாக எழுதுகிறேன். இப்படி யோசிக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர் இருக்கக்கூடும்.

முதலில் என் தவறு

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தபோது எனக்கும் அந்தப் பையனின் எண்ணம்தான். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிறிய நிலையத்தில் நடைமேம்பாலம் கட்டினோம். தூண், உத்தரம், படியின் உயரம் எல்லாம் கணக்குப்படி சரி. அடித்தளம் போட வசதியாக இருந்ததால் மேடையின் வடகோடியில் கட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். பாலம் திறந்த பிறகும் சனங்கள் தண்டவாளத்தைத் தாண்டியே போனார்கள். ஏனென்றால் சந்தை தென்கோடியில் இருந்தது. தலையில் கூடையைச் சுமந்து வரும் பெண்கள் அவ்வளவு தூரம் நடந்து, படியேறி இறங்குவார்களா? ஒவ்வொரு வண்டி வரும்போதும் எனக்கு நெஞ்சு பதறும். ஒரு மூதாட்டி, "கட்டுவதற்கு முன்னால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மகனே" என்று இந்தியில் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. இரும்பைப் பற்றிய என் கணக்கு சரி. மனிதரைப் பற்றிய கணக்குத் தப்பு.

வீடியோ கேமும் மனிதர் நடமாடுவதற்காகக் கட்டப்படும் ஒன்றுதான். இனி பாடத்துக்கு வருவோம்.

1. வரலாறு

சிட் மையர், புரூஸ் ஷெல்லி என்ற இரு அமெரிக்கர்கள் 1990-இல் 'ரெயில்ரோடு டைக்கூன்' என்ற ஆட்டத்தையும், 1991-இல் 'சிவிலைசேஷன்' என்ற ஆட்டத்தையும் வெளியிட்டார்கள். இரண்டாவதில், கற்கால மக்களை வழிநடத்தி விண்வெளிவரை கொண்டு செல்ல வேண்டும். அதில் ரயில்பாதை போட வேண்டுமானால் நீராவி எஞ்சினும் பாலம் கட்டும் அறிவும் வேண்டும். நீராவி எஞ்சினுக்குப் பௌதிகமும் கண்டுபிடிப்புத் திறனும் வேண்டும். கண்டுபிடிப்புக்கு எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவுக்கு எழுதும் கலை. அதற்கு முன் அகரவரிசை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் இருந்த எனக்கு, 'அ, ஆ'வில் தொடங்கித்தான் தண்டவாளத்துக்கு வர முடியும் என்பதை ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தது! எது எதற்குப் பிறகு வந்தது, ஏன் வந்தது என்ற கேள்வி இல்லாமல் இந்த ஆட்டம் பிறந்திருக்காது. அந்தக் கேள்விக்குப் பெயர்தான் வரலாறு.

2. கதையும் மனமும்

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' 1989-இல் வந்தது. அதை எழுதிய ஜோர்டான் மெக்னர், யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். சினிமாவிலும் பழைய கதைகளிலும் ஈடுபாடு கொண்டவர். தம் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லிப் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்து இளவரசனை வரைந்தார்.

அந்தக் காலத்து ஆப்பிள் கம்ப்யூட்டரில் நினைவகம் மிகச் சிறியது. இன்னொரு பாத்திரத்தை வரைந்து சேர்க்க இடமில்லை. ஆகவே இளவரசனின் படங்களையே ஒரு கணித உத்தியால் மாற்றி ஒரு நிழல் மனிதனை உண்டாக்கினார். இதுவரை இன்ஜினியரிங்.

கண்ணாடி வழியே இளவரசன் பாயும்போது அந்த நிழல் பிறக்கிறது. வழியெல்லாம் தொல்லை தருகிறது. கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கிறது. நாம் அதை வெட்டினால் நமக்கே காயம்! வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கிப் போனால், நிழல் நம்முடன் ஒன்றாகிவிடுகிறது. தன்னோடு தானே போரிட்டு வெல்ல முடியாது என்பதைச் சொல்ல ஒரு வரி வசனம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. இடப் பற்றாக்குறையைத் தீர்த்தது கணிதம். அந்தத் தீர்வுக்குப் பொருள் கொடுத்தது இலக்கிய அறிவு.

3. பொருளாதாரம்

நம் வீடுகளில் குழந்தைகள் ஆடும் 'பிசினஸ்' ஆட்டத்தின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-இல் 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதார அறிஞரின் கருத்துக்களில் பற்றுக் கொண்டவர் அவர். நிலத்தை வளைத்துப் போட்டவர் வாடகையால் கொழிப்பதையும், மற்றவர் நொடித்துப் போவதையும் சாதாரண மக்களுக்குப் புரியவைப்பதே அவர் நோக்கம். அதன் வழியில் வந்த 'மோனோபலி' 1935-இல் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தபோது, எதிராளியை ஓட்டாண்டியாக்குவதே ஆட்டத்தின் குறியாகிவிட்டது. ஆட்டத்தின் விதி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. அதை அறியாமல் விதி எழுதுகிறவன் யாருடைய கருத்தையோ சுமக்கிறான்.

4. தாய்மொழி

இது வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மிக நெருக்கமானது. அலாஸ்காவில் இனுப்பியாக் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியைப் பேசும் இளைஞர்கள் குறைந்து வருகிறார்கள். 2014-இல் அங்குள்ள பழங்குடி மன்றம் ஒன்று விளையாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து 'நெவர் அலோன்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஒரு சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் ஓயாத பனிப்புயலின் காரணத்தைத் தேடிப் போகும் கதை. மூத்தோர்களைக் கேட்டு உருவாக்கினார்கள். கதை சொல்லும் குரல் அவர்கள் மொழியிலேயே ஒலிக்கிறது. பாட்டி கதையைக் கேட்டு வைத்தவர்கள் அந்த ஊரில் இல்லாதிருந்தால், கோடிங் எவ்வளவு தெரிந்தும் அது பிறந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை

இதனால் கோடிங் வேண்டாம் என்று யாரும் எண்ண வேண்டாம். கணிதமும் நிரல் எழுதும் பயிற்சியும் இல்லாமல் ஒரு பந்துகூடத் திரையில் உருளாது. என் பாலத்துக்கு இரும்புக் கணக்கும் வேண்டியிருந்தது. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வீட்டில் ஒரு பயிற்சி

பெற்றோர்களே, இந்த ஞாயிறு பழைய பரமபதப் படத்தை எடுத்து விரியுங்கள். எந்தக் குணம் ஏணி, எந்தக் குற்றம் பாம்பு என்று வீட்டுப் பெரியவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்பப் புதிய படம் ஒன்று வரையட்டும். பொய் பெரிய பாம்பா, சோம்பல் பெரிய பாம்பா? எந்தப் பாம்பை எந்தக் கட்டத்தில் வைப்பது? ஏன்? அந்த வாக்குவாதம்தான் விளையாட்டு உருவாக்கும் கலையின் முதல் பாடம்.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். நிழல் மனிதன் கதையை மட்டும் இரண்டு முறை கேட்டான். இன்னும் முடிவு சொல்லவில்லை. அவனுடைய கோடிங் வகுப்பு பத்து மணிக்கு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தமிழ் வகுப்பைக் காலை எட்டு மணிக்கு மாற்றிக்கொள்ள நான் தயார். இம்முறை கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: அந்த நேரம் உங்கள் பிள்ளைகளுக்கும் சரிப்படுமா?